பாதி வரைந்த மீன்கொத்தி

ஜூன் 3, புதன்

மழை. தென்மேற்குக் காற்று. மீன்பிடித் தடைக்காலத்தின் மூன்றாம் நாள்.

போட்டில் இருக்கும்போது நாள், இடம், காற்று, கிடைத்த மீன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது என் வேலை. ஜூலை கடைசி வரை கடலுக்குப் போக முடியாது. எழுதுகிற பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இதைத் தொடங்குகிறேன். கடலுக்குப் போவதற்குள் ஒரு காரியம் முடிக்க வேண்டும். இடது கையில் பச்சை குத்த வேண்டும். என் பெயர், தகப்பன் பெயர், ஊர். படம் வேண்டாம். ததேயுஸ் என்கிற பெயரில் எங்கள் ஊரில் மட்டும் நாலு பேர் இருக்கிறோம், அதனால் தகப்பன் பெயர் முக்கியம்.

தங்கை மெற்றில்டாவிடம் சொன்னேன். போன வருஷம் கார்த்திகைப் புயலில் அவள் மாப்பிள்ளை கிளீட்டஸ் போன பிறகு நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"முப்பத்தாறு வயசில எதுக்கு அண்ணா பச்ச?"

"கடல்ல போறவனுக்கு ஒரு அடையாளம் வேணும்லா."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, "அவருக்க உடம்புல ஒரு அடையாளமும் இல்ல. பாத்ததும் நீ கண்டுபிடிச்சியே" என்றாள்.

நான் வலை பழுது பார்க்கிற கொட்டகைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 6, சனி

கன்னியாகுமரிக்குப் போனேன். கடற்கரையில் சங்கு மாலைக் கடைகளுக்கு நடுவே ஒருவர் பேட்டரி மிஷின் வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஒரே ஊசி. ஒரு குவளைத் தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொள்கிறார்.

"இது தண்ணியில நிக்குமா?" என்று கேட்டேன்.

"எத்தன தடவ குளிச்சாலும் போவாது."

"குளிக்கிறதச் சொல்லல்ல. பத்துப் பன்னெண்டு நாள் உப்புத் தண்ணியில கெடந்தா?"

அவர் மிஷினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடி யாரு கெடப்பா?"

அட்டையில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தேன். மயில், கிளி, கழுகு. வேறு பறவை இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 8, திங்கள்

காஸ் தீர்ந்தது. சிலிண்டரைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தேன். கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். மழை.

ஜூன் 11, வியாழன்

நாகர்கோவிலில் ஒரு கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, கையுறை. என் கண் முன்னாலேயே புது ஊசியைப் பிரித்துக் காட்டினார்கள். குத்திய பிறகு மூன்று வாரம் கடல் தண்ணீர் படக் கூடாதாம், வெயிலும் கூடாதாம். அப்படியானால் ஜூலை பத்துக்குள் குத்தியாக வேண்டும்.

எழுத்து மாதிரிகள் காட்டினார்கள். நன்றாக இருந்தன. பறவைப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இருநூறுக்கு மேல் வைத்திருந்தார்கள். இதுவரை குத்தியவற்றின் போட்டோவும் இருந்தது. எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"அண்ணன் பேரு எழுதணும்னுதானே வந்திங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"சும்மா பாத்தேன்."

சுத்தமான கடை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

திங்கள்கிழமை என்றால் மெற்றில்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். இன்று நானும் போனேன். காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டே நின்றாள். பெரியவளுக்கு ஸ்கூல் பஸ் ஏற்பாடாகிவிட்டதையும் கூரை ஒழுகுவதையும் கிளீட்டஸுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். சின்னவள் பெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா நேரா படுத்திருக்காரா, சரிஞ்சு படுத்திருக்காரா?" என்று கேட்டாள். நேராக என்றேன்.

புயல் முடிந்து பதினோரு நாள் மெற்றில்டா கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் தொடவில்லை. உடம்பு இல்லாமல் அடக்கப் பூசை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெட்டி வந்து மண் போட்ட அன்று சாயந்தரம் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

மார்த்தாண்டம். மொபைல் கடைக்கு மேலே மாடியில் ஷீபா என்கிற பெண் நடத்துகிற கடை. நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் படித்தவள். கல்யாணப் பெண்களுக்கு மருதாணியும் போடுகிறாள்.

உட்கார வைத்து வரிசையாகக் கேட்டாள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, குடிப்பதுண்டா, காயம் ஆறினால் தழும்பு தடித்து வருமா. என் கையைத் திருப்பிப் பார்த்து, மேல் பக்கம் வெயிலில் வெந்து போயிருக்கிறது, உள் பக்கம் குத்தலாம் என்றாள். வேறு யாரும் என் தோலை இப்படிப் பார்க்கவில்லை.

நான் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டேன். அவள் திடுக்கிடவில்லை.

"மை மேல்தோலுக்கு அடியிலயாக்கும் நிக்கும் அண்ணா. தண்ணியில கெடந்து மேல்தோல் உரிஞ்சு போனாலும் அது போவாது. உரிஞ்ச பொறவு முன்னத்த விடத் தெளிவாத் தெரியும்னு படிச்சிருக்கேன்."

"ஆமா, தெரியும்" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

யாரோ சொன்னார்கள் என்றேன்.

அவள் மேஜைக்குப் பின்னால் சுவரில் பென்சில் படங்கள் ஒட்டியிருந்தன. மேல் வரிசையில் மூன்றாவதாக மீன்கொத்தி. ஒரு சிறகு நிறைய நீலம். மற்றச் சிறகுக்கு வெறும் கோடு. கீழே 'அபி' என்று எழுதியிருந்தது.

"அது முடியல்ல" என்றாள் நான் பார்ப்பதைக் கண்டு. "வந்த ஆளுக்கு ஒரே நாள்ல தாங்க முடியல்ல. ஒரு செறகு மட்டும் நெறம் குடுத்தேன். ஆறின பொறவு மத்ததுக்கு வாங்கன்னு சொன்னேன். வரல்ல."

"எப்பம்?"

"போன வருஷம் அக்டோபர். மவளுக்குப் பிடிச்ச குருவியாம். நல்ல ஆளு, ஊசி குத்துனப்பம் எல்லாம் சிரிச்சிட்டே இருந்தாரு."

எனக்கு ஜூலை ஒன்பதாம் தேதி குறித்துத் தந்தாள். இரண்டு நாளுக்கு முன்பிருந்து குடிக்கக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டு வர வேண்டும், நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

பதினோராவது நாள் வடக்கே ஒரு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பது உடம்புகள் கரை ஒதுங்கியிருந்தன. ஆறாவதாகக் காட்டியது கிளீட்டஸின் உயரம். அதே அகலத் தோள். முகம் இல்லை. அங்கே வேலை பார்ப்பவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மேல்தோல் போயிருந்தது. உள்ளே மீன்கொத்தி அப்படியே இருந்தது. ஒரு சிறகு நீலம், ஒரு சிறகு கோடு. அபி.

மச்சான் உடம்பில் பச்சை கிடையாது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் குளித்தவன் நான்.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. மெற்றில்டா கோயில் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், டிரிப் ஏற்றுகிறார்கள் என்றார்கள். ரத்தப் பரிசோதனை வைத்துக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆகும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். போலீஸ்காரர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "இந்த டாட்டூ?" என்று கேட்டார்.

"கொச்சியில குத்துனது. வீட்டுக்குத் தெரியாது" என்றேன். கையெழுத்துப் போட்டேன். பெட்டியைத் திறக்கக் கூடாது, பார்க்கிற நிலையில் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பச்சை குத்த நல்ல ஆளாகத் தேடுகிறேன் என்று இத்தனை நாள் எழுதியிருக்கிறேன். எனக்கும் ஒரு அடையாளம் வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் கடை கடையாக நான் தேடியது அந்தக் குருவியை.

ஜூன் 22, திங்கள்

ஷீபாவின் கடைக்கு மறுபடி போனேன். மீன்கொத்தி குத்தினவர் எனக்குத் தெரிந்த ஆள்போல இருக்கிறது, விலாசம் வேண்டும் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஃபைலை எடுத்தாள்.

"விபின். ரப்பர் பால் வெட்டுற வேல. பேச்சிப்பாறை போற வழியில வீடு. நான் ரெண்டு தடவ போன் பண்ணினேன். சுவிட்ச் ஆஃப்."

மெற்றில்டா இன்று தனியாகக் கல்லறைக்குப் போய் வந்தாள். மெழுகுதிரி நின்று எரிந்ததாம்.

ஜூன் 24, புதன்

மரங்களுக்கு மழை படாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி, மேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. விபினின் மனைவி பெயர் சுபிதா. முப்பது வயதுகூட இருக்காது. விபினை எனக்குப் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். உள்ளே கூப்பிட்டுக் பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தந்தாள்.

"அந்த மழையில பால் வெட்டு சரியா நடக்கல்ல அண்ணா. கூட்டுக்காரன் ஒருத்தன் விளிச்சான்னு போட்டுல சமையலுக்குப் போனாரு. எந்தப் போட்டுன்னு எனக்குத் தெரியாது. புயல் கழிஞ்சு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு லிஸ்டுலயும் பேரு இல்லன்னு சொல்லியாச்சு. கடக்கரை ஆளுகளுக்குன்னா கோயில் உண்டு, கேக்க ஆளு உண்டு. நாங்க மேட்டுல கெடக்கியோம்."

"பொறவு?"

"பொறவு என்ன. ஒருத்தியக் கூட்டிட்டுக் கேரளாவுக்குப் போயிட்டாருன்னு எல்லாரும் சொல்லுகாவ. அவருக்க அம்மையே சொல்லுகா. நான் சண்ட போட்டு வெரட்டி விட்டேனாம்." அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இருந்துட்டுப் போவட்டும் அண்ணா. உசிரோட இருந்தாப் போரும். எங்கயாவது பாத்தீங்கன்னா, அபி ஒண்ணாங்கிளாசு சேந்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

சாயாவைக் குடித்தேன். சரி என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ஜூன் 25, வியாழன்

வலை. மழை. வலை.

ஜூன் 28, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மெற்றில்டா சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கை, அந்தக் குருவி, போலீஸ்காரர் கேட்டது, நான் சொன்ன பொய், மேட்டு வீடு, ஒன்றாங்கிளாஸ் பிள்ளை.

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஏழெட்டு மீன் வெட்டியிருப்பாள்.

"அது எனக்க மாப்பிள்ளையாக்கும்" என்றாள். "நீதானே சொன்னே."

"பொய் சொன்னேன் மக்ளே."

"எனக்கு அது பொய்யில்ல. ஏழு மாசமா அங்க போயி அவருகிட்டப் பேசுகேன்."

"அந்தப் பெண்ணு ஓடிப்போனவனுக்க பெண்டாட்டின்னு பேரு வாங்கிக் கெடக்கா."

"கெடக்கட்டும். மாப்பிள்ள உசிரோட இருக்கான்னு அவளுக்கு ஒரு நெனப்பு இருக்கு. எனக்கு ஒரு குழி இருக்கு. ரெண்டு பேருக்கும் உள்ளத நீ ஏன் புடுங்குக?"

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். என் சட்டைகளையும் கைலிகளையும் பையில் வைத்துக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். வீசவில்லை, மடித்துத்தான் வைத்திருந்தாள்.

வலைக் கொட்டகையில் படுத்திருக்கிறேன்.

ஜூலை 1, புதன்

ஷீபாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஃபைலில் வைத்து, கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். "நீங்க மட்டும் போனா அந்தப் பெண்ணு நம்பாது" என்றாள்.

சுபிதா படத்தைப் பார்த்தாள். அவள் கேட்டது மூன்றே கேள்விகள்.

"எந்தக் கை?"

"இடது."

"எந்தச் செறகுல நெறம்?"

"வலது செறகுல."

"இப்பம் எங்க இருக்காரு?"

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், என் தங்கை மாப்பிள்ளையின் பெயரில் என்றேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். ஐந்தாறு வீடு தள்ளி மாமியார் வீடு. அங்கே முற்றத்தில் நின்று, அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

"அவரு ஓடிப்போவல்ல."

உள்ளேயிருந்து கிழவி வந்தாள். சுபிதா மறுபடியும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகுதான் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். ஷீபா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ரோட்டில் நின்றேன்.

ஜூலை 3, வெள்ளி

ஸ்டேஷனில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். நிவாரணப் பணத்துக்காகச் செய்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பொய் அடையாளம் சொன்னதற்கு என்மேல் வழக்கு வரும், மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது, குழியைத் தோண்ட மேலிடத்து உத்தரவு வாங்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து டீ குடித்தேன். யாரிடமும் சொல்ல வேண்டியது இனி ஒன்றும் மிச்சமில்லை. லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஜூலை 6, திங்கள்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகையில் என் பக்கத்தில் யாரும் வலையோடு உட்காரவில்லை. கிளீட்டஸின் தம்பி வந்து, "அப்பம் எனக்க அண்ணன் எங்கல?" என்று கேட்டான். கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஜூலை 9, வியாழன்

இரண்டு நாளாகக் குடிக்கவில்லை. காலையில் இட்லி ஆறு தின்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சலூனில் முன்கை முடியை மழித்துக்கொண்டேன். தூக்கம் மட்டும் ஷீபா சொன்ன மாதிரி வரவில்லை.

அவள் எழுத்துகளைத் தாளில் எழுதிக் கையில் ஒட்டி எடுத்தாள். தாளை உரித்தபோது ஊதா நிறத்தில் என் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் நின்றன. கண்ணாடியில் காட்டி, "எழுத்து சரிதானா? நல்லா வாசிச்சுப் பாருங்க. பொறவு மாத்த முடியாது" என்றாள். வாசித்தேன். சரி.

தூண்டில் முள் ஏறிய வலி எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. சூடான கம்பியால் ஒரே இடத்தில் விடாமல் கீறுகிறமாதிரி இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் வந்தபோது பல்லைக் கடித்தேன். இந்த வலியில்தான் விபின் சிரித்திருக்கிறான்.

ஊர்ப் பெயர் முடிந்ததும் அவள் மிஷினை நிறுத்தினாள். "கீழ ஒரு போன் நம்பர் போடட்டா? இப்பம் சிலபேரு அப்பிடிப் போடுகாவ. கண்டெடுக்கவங்க விளிக்கலாம்."

"போடுங்க."

"யாருக்க நம்பர்?"

மெற்றில்டாவின் நம்பரைச் சொன்னேன்.

"அவங்க எடுப்பாங்களா அண்ணா?"

"தெரியல்ல."

அவள் பத்து எண்ணையும் குத்தி முடித்துத் துடைத்து, களிம்பு தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றினாள்.

ஜூலை 14, செவ்வாய்

தோல் உரிகிறது. சொறியக் கூடாது.

ஜூலை 23, வியாழன்

காலை பத்து மணிக்குத் தாசில்தார், டாக்டர், போலீஸ் எல்லோரும் வந்தார்கள். பங்குத்தந்தை ஜெபம் சொன்னார். சுபிதா தன் அப்பாவோடு வந்திருந்தாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. மெற்றில்டா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மதிலோரம் தனியாக நின்றாள்.

குழிவெட்டுகிற செபஸ்தியார் முதலில் மரச் சிலுவையைப் பிடுங்கி மதிலில் சாத்தினார். பிறகு மண்ணை எடுத்தார். கடற்கரை மணல், சீக்கிரம் வந்துவிட்டது. பெட்டிக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை. டாக்டர் கீழே இறங்கி இடது கையை மட்டும் வெளியே எடுத்து, பாட்டில் தண்ணீரால் கழுவினார். சுபிதாவைக் கூப்பிட்டார்.

அவள் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுத்துப்போயிருந்தது, ஆனாலும் சிறகின் கோடு தெரிந்தது.

"அதுதான்" என்றாள்.

உறையோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். பிள்ளையின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு உடம்பைத் தருவார்களாம். சுபிதா வேனுக்குப் போகிற வழியில் மெற்றில்டாவின் முன்னால் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க இங்க வருவீங்களா அக்கா?"

"திங்களாச்ச திங்களாச்ச."

"மெழுகுதிரி வைப்பீங்களா?"

"வைப்பேன்."

சுபிதா தலையை ஆட்டினாள். போய் வேனில் ஏறினாள்.

எல்லோரும் கலைந்த பிறகு செபஸ்தியார் மண்வெட்டியை எடுத்தார். "மூடட்டா மக்ளே?"

"வேண்டாம்" என்றாள் மெற்றில்டா. "அவரு வந்தா பின்னயும் தோண்டணும்லா."

செபஸ்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜூலை 25, சனி

இரண்டு நாள் மழையில் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளைகள் விழுந்துவிடும், இன்றைக்கே மூட வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லி அனுப்பினார். செபஸ்தியார் முடியாது என்றாராம். மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மூட முடியாது என்றாராம். நான் போனேன்.

மெற்றில்டா அங்கே நின்றிருந்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அவள் என்னைத் தடுக்கவில்லை. நான் மண்ணைத் தள்ளத் தொடங்கினேன். ஈர மண் தண்ணீரில் விழுந்து சேறாகக் கலங்கியது. கை எரிந்தது.

பாதி நிறைந்தபோது அவள் அருகே வந்து கையை நீட்டினாள். மண்வெட்டியைக் கொடுத்தேன். மீதி மண்ணை அவளே தள்ளினாள். கடைசியில் மேலே மேடு வராமல், தரையோடு தரையாகச் சமமாக்கினாள்.

பிறகு மதிலில் சாத்தியிருந்த சிலுவையை எடுத்தாள். கிளீட்டஸின் பெயரில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், வீட்டுக்கு நடந்தாள்.